பழுக்காத கட்டி

என் மாமிக்கு என் வேலையின் பெயர் வாயில் வராது. சொல்லத் தெரியாமல் அல்ல, சொல்லப் பிடிக்காமல். வீட்டுக்கு வருகிற யாராவது, "மருமோள் என்ன செய்யிறா?" என்று கேட்டால், "கவுண்மேந்து உத்தியோகம்" என்பார். அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வெங்காய விலையைக் கதைக்கத் தொடங்கிவிடுவார். ஆட்கள் இல்லாத நேரத்தில் என் வேலைக்கு அவர் வைத்திருந்த பெயர் வேறு. "இறைச்சி வெட்டுற வேலை."

எனக்குப் பொல்லாத கோபம் வரும். நான் கோபக்காரி, அதை ஒளிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து எடுக்கிற சதைத் துண்டுகள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும். அவற்றை மெழுகில் பதித்து, கையால் சுற்றுகிற வெட்டு மெசினில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் போட்டுக் கொடுப்பேன். டொக்டர் அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, இது கான்சர், இது இல்லை என்று எழுதுவார். நான் வெட்டுகிற ஒரு சீவலின் தடிப்பு தலைமயிர் ஒன்றின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கிழியாமல், சுருங்காமல், மடியாமல் அதை எடுக்க எனக்குத் தெரியும். பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மிகவும் கொஞ்சப் பேர்.

எனக்குச் சீதனமாய்த் தந்த வீடு பலாலிப் பக்கம். தொண்ணூறில் சண்டை தொடங்க, அங்கிருந்து உடுத்த உடுப்போடு எழும்பி, நானும் என் கணவரும் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருந்த மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமா காலமாகிப் பல வருடம். மாமி தனியாளாய் நின்று வெங்காயத் தோட்டம் செய்தவர். தானே சந்தைக்குக் கொண்டுபோய்த் தானே விற்பவர். யாருக்கும் பணியாதவர். இரண்டு பணியாத பெண்கள் ஒரு குசினியில் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆய்வுகூடத்தில் அப்போது கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கே போதாது. நுணுக்குக்காட்டியை யன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துத்தான் பார்த்தோம். மழைக்காலத்தில் முகில் விலகும்வரை காத்திருப்போம். மெழுகுக்குத்தான் பெரிய அந்தரம். கொழும்பிலிருந்து வருவது நின்றுபோயிற்று. பாவித்த மெழுகையே உருக்கி வடித்துத் திரும்பத் திரும்பப் பாவித்தோம். அதுவும் முடிகிற கட்டத்தில், எங்களோடு உதவியாளராக வேலை செய்த குருநகர் அண்ணை ஒரு பை நிறைய எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

"மாதா கோயிலிலை சுரண்டி எடுத்தது. சுவாமியாரட்டைக் கேட்டுத்தான் எடுத்தனான், களவில்லை."

மண்ணெண்ணெய் அடுப்பில் அதை உருக்கி, துணியில் மூன்று தரம் வடித்து, எங்களிடம் மிஞ்சியிருந்த நல்ல மெழுகோடு கலந்தோம். கொஞ்சம் நொறுங்கும், சீவும்போது மடிப்பு விழும். ஆனாலும் வேலை நடந்தது. ஒரு நாள்கூட எங்கள் ஆய்வுகூடத்தைப் பூட்டவில்லை.

அடுத்த வருடம் சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குசினிக்குள் சுட்ட வெங்காயமும் மஞ்சளும் மணத்தன. மாமி பத்துப் போடுவதற்கு அரைத்துக்கொண்டிருந்தார். அரைத்ததைக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கேட்டதற்கு, "தோளுக்குள்ளை பிடிச்சிருக்கு" என்றார். அடுத்த நாளும் அதே கிண்ணம், அதே கதவு. மூன்றாம் நாள் நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மரியாதை இல்லைதான். ஆனால் தோளுக்குப் போடுகிற பத்தை யாரும் கதவைப் பூட்டிக்கொண்டு போடுவதில்லை.

இடது மார்பில், பாக்களவில் ஒரு கட்டி. தோலில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை.

"எத்தினை நாளாய், மாமி?"

"பொங்கலுக்கு முந்தி."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? பழுக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். பழுத்தால் உடைச்சு விடலாம்."

"நோகுதோ?"

"இல்லைப் பிள்ளை, அதுதான் சொல்லுறன். நல்ல கட்டி. நோ இல்லை, காய்ச்சல் இல்லை. தன்ரை பாட்டிலை கிடக்குது."

 அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். தன் பாட்டில் கிடக்கிறதாம்! ஆய்வுகூடத்துக்கு வருகிற போத்தல்களோடு ஒரு தாள் வரும். நோயாளி என்ன சொன்னார், எத்தனை மாதமாய் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். மார்புக் கட்டி என்று வருகிற தாள்களில் திரும்பத் திரும்ப நான் கண்டது இந்தக் கதையைத்தான். நோகவில்லை, ஆறு மாதம். நோகவில்லை, ஒரு வருடம். எங்கள் சனத்துக்குக் கட்டி என்றால் ஒரு கணக்கு உண்டு. வரும், சிவக்கும், உளையும், பழுக்கும், உடையும், ஆறும். அந்த ஒழுங்கில் போகாத கட்டியை "பழுக்கட்டும்" என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பத்துப் போட்டுப் பழுக்கவைக்கப் பார்ப்பார்கள். அதற்குள் அது தன் அலுவலைப் பார்த்துவிடும்.

நான் அழவில்லை, கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"மாமி, கட்டி ஏன் பழுக்கிறது தெரியுமோ? கிருமி உள்ளுக்கு வந்தவுடனை இரத்தத்திலை இருக்கிற வெள்ளைக் கலங்கள் ஓடிப்போய்ச் சண்டை பிடிக்குது. அந்தச் சண்டைதான் சிவப்பு, அந்தச் சண்டைதான் நோ. அதிலை செத்த கலங்கள்தான் சீழ். இது நாலு மாதமாய்ப் பழுக்கேல்லை எண்டால் என்ன கருத்து? ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை எண்டு கருத்து. உடம்பின்ரை நிர்ப்பீடனத்தை அது மடக்கிப் போட்டுது எண்டு கருத்து."

"என்னத்தை மடக்கினது?"

"நிர்ப்பீடனம். நோய் பிடிக்காமல் உடம்பு தன்னைக் காக்கிறது."

"பீடை பிடிக்காமல் எண்டு சொல்லன். அதுக்கேன் இவ்வளவு இழுவை?"

உயர்தர வகுப்பில் அந்தச் சொல்லைப் பாடமாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன் உள்ளே 'பீடை' இருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கோபத்துக்குள்ளும் சிரிப்பு வந்தது. ஆனால் மாமி சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப உந்த வெள்ளைக் கலங்களுக்கு என்ன நித்திரையே? கண் தெரியாதே?"

நல்ல கேள்வி. டொக்டர்மாரே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிருமி வெளியிலிருந்து வருவது, உடனே தெரிந்துவிடும். கான்சர் எங்கள் சொந்தச் சதையிலிருந்தே கிளம்புவது, பார்த்தால் வீட்டு ஆள் போல இருக்கும். அதோடு அது சும்மாவும் இருக்காது. கிட்ட வருகிற காவல் கலங்களைச் சாந்தப்படுத்துகிற இரசாயனங்களைச் சுரக்கும்.

 மாமி மெல்லக் கேட்டார்.

"எங்கடை தண்ணி மெசின் போன மாதிரியோ?"

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் இரண்டு வருடத்துக்கு முன் களவு போயிருந்தது. எடுத்தவன் தெரிந்தவன். வெங்காயம் கிண்ட வந்து போனவன். ஒரு மாதமாய் நாய்க்கு மீன்தலை போட்டுப் பழக்கியிருக்கிறான். அவன் மெசினைத் தூக்கிய அன்றைக்கு நாய் ஒரு குரல்கூடக் குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு படலைவரை கூடப் போனது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மாமி அந்த நாயை அடிக்கவில்லை, ஆனால் ஒரு கிழமை அதனோடு கதைக்கவில்லை.

"ஓம் மாமி. அச்சொட்டாய் அதுதான்."

"அப்ப உவன் இப்ப எங்கை மட்டும் போயிருப்பான்?"

அதுதான் கேள்வி. அதுதான் எனக்குப் பயமும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது மாமிக்குத் தெரியும். அதே மாதிரி மார்பிலிருந்து வருகிற வழிக்குக் கமக்கட்டு நெறிகள்தான் முதல் காவல். வெள்ளைக் கலங்கள் குடியிருக்கிற இடம் அது. மார்புக் கான்சர் பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் போய் இருப்பது அந்தக் காவல் வீட்டுக்குள்ளேதான். அங்கே போகவில்லை என்றால் மாமிக்கு நல்ல நம்பிக்கை உண்டு. போயிருந்தால், மேற்கொண்டு வைத்தியத்துக்குக் கொழும்புப் பக்கம், மகரகம கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சண்டை நடந்த அந்த நாட்களில் அந்தப் பயணம் எங்களுக்குச் சந்திரனுக்குப் போவது மாதிரி. இதை நான் மறைக்காமல் சொன்னேன்.

"சரி" என்றார் மாமி. "வெட்டுவம். ஆனால் ஆம்பிளை டொக்டர் வேண்டாம். நீதானே வெட்டுறனி, நீயே வெட்டு."

ஐயோ! இத்தனை காலமும் இறைச்சி வெட்டுகிற வேலை என்று என்னைப் பகிடி பண்ணிய மனுசிக்கு நான் எதை வெட்டுகிறேன் என்றே விளங்கியிருக்கவில்லை. வெளியே எடுத்த பிறகுதான் என் வெட்டு என்று சொன்னேன். மாமி யோசித்தார்.

"அப்ப எடுக்கிறவர் எடுக்கட்டும். உள்ளை என்ன இருக்கெண்டு பாக்கிறது நீ. வேறை ஆரின்ரை கையிலையும் குடுக்கப்படாது."

இரண்டு கிழமைக்குப் பிறகு சத்திரசிகிச்சை நடந்தது. மார்பையும் கமக்கட்டுக் கொழுப்பையும் எடுத்தார்கள். போத்தல் என் மேசைக்கு வந்தபோது, அதில் மாமியின் பெயரை நானே எழுதினேன்.  எழுத்து என் எழுத்து மாதிரி இல்லை. கொழுப்பை விரலால் நசித்து நசித்து நெறிகளைத் தேடி எடுத்தேன். பதினொன்று கிடைத்தன. கடைசியாய்க் கிடைத்தது ஒரு மிளகளவு.

அலுமாரியில் ஒரு சின்னக் கட்டி நல்ல மெழுகு, கலக்காதது, மிச்சம் இருந்தது. கஷ்டமான வேலைக்கு என்று ஒதுக்கி வைத்தது. அதை எடுக்க என் கை போனது. சொந்தக்காரர் என்றால் நல்ல மெழுகு, ஊராருக்கு மெழுகுதிரியா என்று என் மனமே என்னைக் கேட்டது. அலுமாரியைச் சாத்திவிட்டு, எல்லாருக்கும் போல மாமிக்கும் மாதா கோயில் மெழுகையே ஊற்றினேன்.

முதலில் கட்டியின் தகடு தயாரானது. டொக்டர் வரமுன் நான் பார்க்கக்கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் பார்ப்பது வழக்கமும் இல்லை. நான் பார்த்தேன். கான்சர்தான். அதில் சந்தேகம் வைக்க இடமே இல்லை. ஆனால் என்னைக் கொதிக்க வைத்தது அது அல்ல. கட்டியின் கரை முழுக்க வெள்ளைக் கலங்கள், சாயத்தில் நீலப் பொட்டுகளாய், நெருக்கமாய் நின்றன. வந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். உள்ளே ஒருவரும் போகவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? உள்ளுக்குப் போங்கோவன்!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

வாசலில் நின்ற குருநகர் அண்ணை திடுக்கிட்டு, "ஆரைத் தங்கச்சி, என்னையோ?" என்று உள்ளே வந்தார்.

அவர்கள் ஏன் நின்றார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சரியாக விளங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் நான் வாசிப்பதை விடவில்லை. கொல்ல வருகிற காவல் கலத்தின் மேலே ஒரு பூட்டு இருக்கிறது. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளாமல் இருக்க, உடம்பே வைத்துக்கொண்ட பூட்டு. கான்சர் அதற்குரிய சாவியைத் தன் மேலே முளைக்க வைத்துக்கொள்கிறது. கலம் கிட்ட வந்ததும் சாவி பொருந்தும், கலம் அடங்கிவிடும். சண்டை முடிந்ததும் "போதும், நிப்பாட்டுங்கோ" என்று சொல்வதற்கென்றே உடம்பில் சில கலங்கள் உண்டு. அவற்றையும் கான்சர் தன் பக்கம் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறது. குப்பை தின்னுகிற பெரிய கலங்கள் சிலவற்றைத் தனக்கு வேலைக்காரராகவே ஆக்கி, புது இரத்தக் குழாய்களுக்கு வழி வெட்டுவிக்கிறது, பரவ உதவி வாங்குகிறது. நாய் படலைவரை கூடப் போன கதைதான். மாமி ஒரு கிண்ணம் பத்தோடு நின்று கண்டுபிடித்தது அது. இப்போது அந்தப் பூட்டைச் சாவிக்கு எட்டாமல் மூடிவைக்கிற மருந்தே வந்துவிட்டது. அதைப் பற்றி முதல்முதல் வாசித்த அன்றைக்கு நான் மாமியைத்தான் நினைத்தேன்.

நெறிகளின் தகடுகளை டொக்டரும் நானும் ஒரே காலையில் பார்த்தோம். அவர் கண் வைத்துப் பார்க்க, நான் பக்கத்தில் நின்று கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். பத்துவரை அவர் சுத்தம் என்றே சொன்னார். பதினோராவதில் நிறுத்தினார். திரும்பப் பார்த்தார்.

"கரையிலை கறுப்பாய் ஒரு திரள் தெரியுது. குடியேறியிருக்கோ, இல்லாட்டில் மெழுகு மடிஞ்சு ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறியிருக்கோ? என்னாலை சொல்லேலாது, பிள்ளை. இன்னொருக்கா வெட்டும்."

மிளகளவு நெறி. அதில் பாதியை ஏற்கெனவே சீவிவிட்டேன். மிச்சத்தை நொறுக்கிவிட்டால் இந்தக் கேள்விக்கு இந்த உலகத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் கத்தியைத் தோல்வாரில் தீட்டினேன், என் கை சொல்லும்வரை தீட்டினேன். மெழுகுக் கட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் இறுக வைத்தேன். கிணற்றுத் தண்ணீர், குருநகர் அண்ணை ஓடி ஓடி அள்ளிக் கொண்டுவந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சில்லைச் சுற்றினேன். ஐந்து சீவல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நாடாவாய் வந்தன. இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். ஒரு மடிப்பு இல்லை. ஒரு கிழிசல் இல்லை. என் வாழ்க்கையில் அதைப் போல் அதற்கு முன்னும் வெட்டவில்லை, பின்னும் வெட்டவில்லை.

டொக்டர் ஐந்தையும் பார்த்தார். அவசரப்படவில்லை. முகில் ஒன்று வந்து மறைத்தது, போகும்வரை காத்திருந்தோம். பிறகு நிமிர்ந்தார்.

"மடிப்புத்தான். நெறி சுத்தம். பதினொண்டும் சுத்தம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பிடி ஒரு வெட்டை நான் படிச்ச இடத்திலையும் காணேல்லை, பிள்ளை."

நான் அழுதேன். ஓம், அங்கேயே, அவருக்கு முன்னாலேயே. வெட்கப்படவில்லை.

வாட்டில் மாமியிடம் போய்ச் சொன்னேன். நெறியில் அவன் இல்லை, காவல் முழிப்பாய் இருக்கிறது, இனிக் குளிசை போட்டுக்கொண்டு ஒழுங்காய்க் காட்ட வந்தால் சரி என்றேன். மாதா கோயில் மெழுகு என்பதையும் சொன்னேன்.

"மாதாவின்ரை மெழுகோ?" மாமி கொஞ்சம் யோசித்தார். "அப்ப அங்கையும் ஒரு கட்டு மெழுகுதிரி வாங்கிக் குடுக்கவேணும். எங்கடை பிள்ளையாருக்கும் ஒரு பொங்கல்." பிறகு, "சரி போ, உனக்கு அங்கை வேலை கிடக்கும்" என்றார். அவ்வளவுதான். என் கையைப் பிடிக்கவில்லை, ஒரு நல்ல சொல் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நொந்தது.

அடுத்த வெங்காயப் போகத்துக்கு மாமி திரும்பவும் சந்தைக்குப் போனார். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில், மரக்கறி வாங்கலாம் என்று சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுன்னாகம் சந்தைக்குள் போனேன். மாமி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கத்தரிக்காய் விற்கிற ஒரு பெண் அவர் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமிக்குக் காதோடு கதைக்கத் தெரியாது.

"நோகுதோ?"

"இல்லையக்கா."

"பழுக்குதோ?"

"இல்லை. தன்ரை பாட்டிலை கிடக்குது."

மாமி கையிலிருந்த தராசைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"உந்தத் தன்ரை பாட்டிலை கிடக்கிற கதையை என்னட்டைச் சொல்லாதை! பழுக்கிற கட்டிக்குப் பயப்பிடாதை, பழுக்காத கட்டிக்குப் பயப்பிடு. திங்கக்கிழமை விடியவே ஆஸ்பத்திரிக்குப் போ. என்ரை மருமோள் அங்கை இருக்கிறாள். என்ரை கட்டியை வெட்டிப் பாத்தவள் அவள்தான். வெங்காயச் சருகிலும் மெல்லிசாய் வெட்டுவாள்."

பக்கத்தில் புகையிலை விற்ற பெண் சிரித்தாள். "ஏனக்கா, முந்தி நீங்கள்தானே இறைச்சி வெட்டுற வேலை எண்டு சொன்னனியள்?"

நான் பையோடு பின்னால் நின்றேன். 

"நான் சொல்லுவன், நீ சொல்லாதை" என்றார் மாமி. "காவல் முழிச்சிருக்கோ, நித்திரையோ எண்டு பாக்கிற வேலையடி, அது."